பரக்கத் அலி ஏன் குருவி பார்த்தார்?

தொட்டியத்தில் புரோகிதர் இல்லாத ஒரு திருமணத்தை நடத்தி வைத்துவிட்டு ஞாயிறு மாலை தென்னூருக்கு வந்து இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் நல்லுசாமி காத்துக்கொண்டிருந்தார். மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. எதற்கும் பதறாத மனிதர். அவருடைய வேட்டியில் முழங்கால் வரை ஆற்று மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. காலையிலிருந்து வீட்டுக்கே போகவில்லை என்றார்.

"பரக்கத் பாயைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"குருவி பார்த்ததுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து, செப்டம்பர். எல்லையில் பாகிஸ்தானோடு சண்டை. ஊரில் எந்தக் கடையில் ரேடியோ இருந்தாலும் அதைச் சுற்றிக் கூட்டம். கரூர்ப் பக்கம் யாரோ குடை கட்டி வானத்திலிருந்து குதித்தான் என்று ஒரு பேச்சு. குதித்தவனைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆனால் ஒற்றர்களைப் பிடித்துத் தர எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

பரக்கத் அலி தென்னூர்க்காரர். செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டும் பட்டறையில் பதினைந்து வயதிலிருந்து வேலை. கடுகளவு கல்லைச் சாணைச் சக்கரத்தில் வைத்து, நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தொழில். அந்தக் கல் எந்தச் சீமாட்டியின் மூக்கில் மின்னுமோ, அதை மின்ன வைத்தவருக்கு நாற்பது வயதுக்குள் பார்வை கலங்கிவிடும். இவருக்கு முப்பத்தாறிலேயே தலைவலி தொடங்கியது. கண் டாக்டர் ஒரு சொட்டு மருந்தும் ஒரு யோசனையும் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு நாளாவது பச்சையாக இருக்கிற இடத்துக்குப் போய்த் தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தூரத்தைத் தேடித்தான் அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஞாயிறு விடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து பறவை பார்க்க நடப்போம். கொள்ளிடக் கரை, முக்கொம்பு, உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம், சில நாள் பஸ் ஏறிப் போய் வாழைத் தோட்டங்களுக்குள். இதைத் தொடங்கியவர் யதிராஜன். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் வீடு. கூட வருபவள் அவர் வீட்டிலேயே இருக்கும் அண்ணன் மகள் குமுதவல்லி, பள்ளி ஆசிரியை. பிறகு நல்லுசாமி, நான், அலி.

அலி பறவைகளை அடையாளம் காண்பதில் மகா மோசம். ஏழு வருஷம் நடந்தும் நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் மாற்றி மாற்றித்தான் சொன்னார். அதைப் பற்றி அவருக்கு வெட்கமே கிடையாது. ஆனால் ஒரு பஞ்சுருட்டான் கம்பியிலிருந்து எழும்பித் தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பினால், அவர் வாயைத் திறந்தபடி நிற்பார். நாங்கள் அடுத்த வயலுக்குப் போயிருப்போம். திரும்பி வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

செம்பருந்தைக் கண்டால் யதிராஜன் நடையை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைக் கருட தரிசனம். விலங்கியல் படித்தவருக்கு இது என்ன வேலை என்று நான் எரிந்து விழுவேன். அலிதான் சமாதானம் செய்வார்.

"ஸார், இது பெருமாளோட வண்டியா, சும்மா போற பருந்தா?"

"வாகனம், பாய். சந்தேகமே வேண்டாம்."

"லைசென்ஸ் வெச்சிருக்கா ஸார்?"

யதிராஜன் இருமல் வரும்வரை சிரிப்பார். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொல்லியதில்லை. நானும் சொன்னதில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். பொன்மலையிலிருந்து ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு ரயில்வே வெள்ளைக்காரரிடம் யதிராஜன் வாங்கியது. நடையைப் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்குக் கொஞ்ச தூரம் அதை வைத்திருப்போம். முதலில் யதிராஜன், பிறகு குமுதவல்லி, நல்லுசாமி, நான். கடைசியில் அலி. தன் கையில் சாணைத் தூசி இருக்கிறது, கண்ணாடியில் கீறல் விழும், அதனால் கடைசியாகத் தந்தால் போதும் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. நடை முடியும்போது யதிராஜன் தோல் உறையைத் திறந்து நீட்டுவார். அலி பைனாகுலரை உள்ளே இறக்குவார்.

நான் தொட்டியத்தில் இருந்த அந்த ஞாயிறு காலை அவர்கள் வடக்கேயிருந்து வரும் உள்ளான்களைத் தேடிக் கொள்ளிட மணல்திட்டுக்குப் போயிருக்கிறார்கள். சண்டை நேரத்தில் ரயில் பாலத்துக்குப் பக்கம் போகலாமா என்று நல்லுசாமி கேட்டாராம். பறவைக்கு என்னய்யா சண்டை தெரியும் என்று யதிராஜன் சொன்னாராம். பாலத்தின் அருகே வந்தபோது நடை முடிகிற நேரம். பைனாகுலர் அலியின் கழுத்தில் இருந்தது.

கரையில் கூட்டம் திரண்டு, யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி, போலீஸ் வந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார்கள். அலியின் பெயரைக் கேட்டபின் வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர: இந்தச் சாமான் யாருடையது?

நல்லுசாமி யதிராஜனைப் பார்த்தார். குமுதவல்லி யதிராஜனைப் பார்த்தாள். யதிராஜன் மணலைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் காலாற நடக்க வந்தோம், இவர் எப்போதாவது கூட வருவார் என்றாராம்.

எப்போதாவது! ஏழு வருஷம்.

நல்லுசாமிதான் வாய் திறந்து அது யதிராஜன் ஸாருடையது என்றிருக்கிறார். ஸாரே சும்மா இருக்கும்போது உனக்கென்ன என்று ஒரு போலீஸ்காரர் அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறார். மணலில் விழுந்த நல்லுசாமி எழுந்து காவல் நிலையத்துக்குப் பின்னாலேயே நடந்து, மாலை வரை வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே விடவில்லை.

நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்திலிருந்தே அலியின் வீட்டுக்குப் போனோம். வீட்டைச் சோதனை போட்டு முடித்திருந்தார்கள். அரிசி தரையில் கொட்டிக் கிடந்தது. அலியின் மனைவி ஹாஜரா பீவி அதை முறத்தில் வாரிக்கொண்டிருந்தார். இரண்டு பெண் குழந்தைகளும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாதுகாப்புச் சட்டத்தில் போட்டால் ஜாமீனே கிடையாதாமே அண்ணே என்று ஹாஜரா கேட்டார். கிடையாதுதான். நான் வேறு எதையோ சொன்னேன். பட்டறையில் கைத்தூசியோடு உழைக்கிறவரை எப்படி ஒற்றன் என்பார்கள் என்கிற மாதிரி ஏதோ ஒன்று.

ஹாஜரா முறத்தைக் கீழே வைத்தார்.

"தூசியா? ஞாயித்துக்கிழமை பட்டறை ஏதுங்கண்ணே? கையை ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் உங்ககூட வருவாரு. மொத மொத வந்த அன்னிக்கு இவரு பார்த்துட்டுக் குடுத்ததை ஸாரு துண்டால அழுத்தித் துடைச்சுட்டு அப்புறந்தான் கண்ணுல வெச்சாராம். மறுவாரம் இவரே தூசின்னு சொல்லிட்டுக் கடைசிக்குப் போயிட்டாரு. ஸாருக்குச் சங்கடமா இருக்கக் கூடாதாம்."

கடைசி ஆளாக இருந்ததால்தான் அது அவர் கழுத்தில் இருந்தது. எங்கள் ஐந்து பேருக்குள், பட்டப்பகலில், நான் மேடை மேடையாக எதிர்த்துப் பேசித் திரிகிற அதே தீண்டாமை, வாராவாரம் நடை போட்டிருக்கிறது. அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்து, அவமானப்பட்டவரே அதைச் சுமந்திருக்கிறார்.

அலி வெளியே வர வேண்டுமானால், யதிராஜன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: அந்தப் பைனாகுலர் என்னுடையது, அவரைக் கூட்டிப் போனவன் நான். அவ்வளவுதான். மறுநாள் காலை ஹாஜராவையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனோம். கறுப்புத் துப்பட்டியோடு ஒரு பெண் அந்தத் தெருவில் நடந்தபோது ஜன்னல்கள் சாத்தப்பட்டன. யதிராஜன் கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

வக்கீலைக் கேட்டிருக்கிறேன் என்றார். அவசரப்பட்டால் காரியம் கெடும் என்றார். தன் மகனுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை உறுதியாகிற நேரம், இந்தச் சமயத்தில் போலீஸ் விசாரணை என்று வந்தால் எல்லாம் பாழ் என்றார். அப்புறம் ஹாஜராவைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு, ஆமாம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்:

"நிரபராதியை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டா. பகவான் பார்த்துண்டிருக்கார். நீங்க தைரியமா இருங்கோ."

ஹாஜரா தலையை ஆட்டினார். நான் கத்தியிருப்பேன். அதற்குள் யதிராஜனுக்குப் பின்னாலிருந்து குமுதவல்லி வந்தாள். கையில் அந்தத் தோல் உறை.

"பகவானுக்கு வேற வேலை இருக்கும் சித்தப்பா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"கல்யாணம் ஆகாத பொண்ணு ஸ்டேஷன் படி ஏறினா, திரும்ப இந்தப் படி ஏற முடியாது. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். எங்கள் முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றுதான் யோசித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் அவள் சொன்னதை இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பைனாகுலரை உறைக்குள் போட்டுப் பார்த்தார்; கச்சிதமாகப் பொருந்தியது. ஆளனுப்பி யதிராஜனை வரவழைத்தார். நாற்காலி போட்டுக் காபி தருவித்தார். வேறு வழியில்லாமல் யதிராஜன் ஒப்புக்கொண்டார். காபி ஆறுவதற்குள் விசாரணை முடிந்தது. தவறான ஆட்களிடம் இதையெல்லாம் கொடுக்காதீர்கள் ஸார் என்று புத்தி சொல்லி, பைனாகுலரைத் திருப்பித் தந்து அவரை அனுப்பி வைத்தார்கள்.

அப்படியானால் அலியை விடுங்கள் என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை வியப்போடு பார்த்தார்.

"ஸார் காலேஜ்ல பாடம் நடத்தினவர், பார்ப்பார். டீச்சரம்மா பார்ப்பாங்க. கல்லு தேய்க்கிறவன், அவன் எதுக்குங்க குருவி பார்க்கணும்?"

கண் டாக்டர் நேரில் வந்து சொன்னார். குருவி பார்த்தால் கண் நோய் தீருமா என்று கேட்டு அவரையும் சிரித்து அனுப்பினார்கள். பொருளின் சொந்தக்காரர் வீட்டில் இருக்க, அதைக் கடைசியாகத் தொட்டவர் சிறையில் இருந்தார். சட்டம் படித்தவர்களே, இதற்கு எந்தப் பிரிவு என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

சண்டை நின்று, அதற்கும் பல நாள் கழித்துத்தான் அலி வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இடது காது சரியாகக் கேட்கவில்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை, கேட்க எங்களுக்குத் துணிவும் இல்லை. பட்டறை முதலாளி, ஊர் அடங்கட்டும் பாய், அப்புறம் பார்க்கலாம் என்றார். குமுதவல்லி திருவானைக்காவலில் ஓர் ஆசிரியையோடு ஓர் அறையில் தங்கினாள். அவளிடம் அலி சொன்னது நல்லுசாமிக்கும் எனக்கும் கேட்டது.

"என்னால உங்க வீடு போச்சே டீச்சர்."

"வீடு உங்களாலயா போச்சு பாய்?" என்றாள் அவள்.

யதிராஜன் மேல் அலிக்குக் கோபம் இருக்கிறதா என்று நான் ஒருமுறை குடைந்தேன். ஸாரும் பயந்துட்டாரு தோழர், நானும் பயந்துட்டேன், ரெண்டு பேரும் ஒண்ணுதான் என்றார். ஒன்று இல்லை என்று நான் கத்தினேன். அவர் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு, என்ன சொன்னீங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை நடைக்கு எத்தனை முறை கூப்பிட்டும் அவர் வரவில்லை.

அடுத்த ஆண்டு, மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு காலை, உய்யக்கொண்டான் கரையில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். வீட்டிலேயே சக்கரம் போட்டு, கல்லுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தேய்ப்பதாகச் சொன்னார். தலைவலி திரும்ப வந்துவிட்டதாம். ஹாஜராவும் இரண்டு பெண்களும் கூட வந்திருந்தார்கள். பைனாகுலர் இல்லை. வெறுங்கண்ணால் பார்த்தபடி நடந்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சேர்ந்து நடந்தேன். எதிர்க்கரையில் நின்றதை அவர் நீர்க்காகம் என்றார், அது பாம்புத்தாரா.

சின்னவள் திடீரென்று நின்று, மருத மரத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அத்தா, அங்க பாருங்க..."

அலி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். தன் இரண்டு கைக்குள்ளும் அதை மூடிக்கொண்டார்.

"கையை நீட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல கண்ணு? வாயால சொல்லு. மெதுவா."

குழந்தை வாயால் சொன்னாள். நடுக்கிளை. அதில் இலை இல்லாத கொம்பு. அதன் நுனியில் நீலமாக ஒன்று. பழகிய ஒழுங்கோடு, குரலை இறக்கி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஹாஜரா கரையின் இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

யாரும் இல்லை. என்னைத் தவிர.