‘சயாம்’ என்றிருந்தால் பெட்டிக்குள்

மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் நெருங்க நெருங்க, காஜா பெராங்கில் இருந்த தமிழர் சங்கத்துக்குக் கடிதம் வந்து குவிந்தது. குடியுரிமைக்கு யாரைப் பார்ப்பது, ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துபோன பிறப்புப் பத்திரத்துக்கு என்ன செய்வது, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று ஆளுக்கொரு கவலை. சங்கச் செயலாளர் பொன்னுதுரை பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு மாலையில்தான் தலை காட்டுவார். சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் கமலவேணி. அத்தனையையும் வரிவரியாகப் படிப்பதென்றால் அவளுக்கு இன்னும் நாலு கண் வேண்டும்.

அதனால் பொன்னுதுரை ஒரு வழி சொன்னார். முழுதும் படிக்க வேண்டாம், கண்ணை ஓட்டினால் போதும். ‘குடியுரிமை’ என்ற சொல் தட்டுப்பட்டால் வக்கீலுக்குப் போகும் தட்டில் போடு. ‘பத்திரம்’ என்றிருந்தால் பதிவு அலுவலகத்துக்கு. ‘வேலை’ என்றிருந்தால் என் மேசையில் வை. வழி நன்றாகத்தான் நடந்தது. வந்த கடிதம் அன்றைக்கே உரிய இடத்துக்குப் போனது, வாசலில் நின்று திட்டுகிறவர்களும் குறைந்தார்கள்.

ஒரே ஒரு விதி மட்டும் கமலவேணி தானாகக் கேட்டு வாங்கியது.

“சயாமுன்னு எழுதியிருந்தா படிக்க முடியலைங்க ஐயா. அதுக்குன்னு ஒரு பெட்டி வச்சிருங்க, நான் படிக்காமலே போட்டுர்றேன்.”

பொன்னுதுரை மறுக்கவில்லை. அவள் கதை அவருக்குத் தெரியும். தெங்கேராவில் குடியிருந்தபோது அவள் கணவன் வேலாயுதத்தை ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போடத்தான் போகிறார்கள், போன வேகத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். போனவன் போனவன்தான். சண்டை முடிந்ததும் அவள் எழுதாத அலுவலகம் இல்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமலே ஒரு பெண்பிள்ளையின் வயது போய்விட்டது.

சங்கத்துக்கு வந்த சயாம் கடிதங்களும் அதையேதான் கேட்டன. என் மகனைப் பார்த்தீர்களா, என் அண்ணனைப் பற்றி ஏதாவது தெரியுமா. ஒன்றைப் படித்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

“சரிம்மா, அப்படியே செய்யி. எல்லாம் ஒரே கேள்வி. நம்மகிட்ட பதிலா இருக்கு?” என்றார் பொன்னுதுரை.

சோப்பு அடைத்து வந்த காலிச் சவர்க்காரப் பெட்டி ஒன்று வந்தது. அந்தச் சொல் கண்ணில் பட்டதுமே கடிதத்தை மடித்து உள்ளே போட்டுவிடுவாள். கேட்கிற கடிதம் மட்டும்தான் வரும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். பதிலைச் சுமந்துகொண்டும் ஒரு கடிதம் வரலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

மெர்டேக்கா வந்தது. கொடி கட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அந்தச் சந்தடி அடங்கியபின் ஒருநாள் மாலை, இளைத்துப்போன ஓர் ஆள் சங்கத்துக்குள் நுழைந்தார். பெயர் கணேசமூர்த்தி என்றார். இத்தனை காலம் சயாமில் இருந்துவிட்டு, இப்போதுதான் பத்து பெரெண்டாம் ஊரில் இருக்கும் தமக்கை வீட்டுக்குத் திரும்பியவர்.

“தெங்கேராவுல இருந்த கமலவேணின்னு ஒருத்தவங்கள இங்க யாருக்காச்சும் தெரியுமா?”

“நான்தாங்க.”

அவர் கோபமாகவே கேட்டார். “அப்ப ஏம்மா பதிலு போடல?”

அவளுக்கு விளங்கவில்லை. சயாமில் வேலாயுதத்தோடு கூட இருந்த அவர்தான் சொன்னார். வேலாயுதம் உயிரோடு இருந்தான். ரயில் வேலையில் ஒரு கால் போய்விட்டது. ஒற்றைக் காலோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன் போய் நிற்பது என்று அங்கேயே ஒரு பலகை ஆலையில் காவல் இருந்துவிட்டான். போன வருடம் கடுங்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் மனம் இளகியது. “அவளுக்கு ஒரு வரி எழுதுடா” என்று அழுதான். அவள் இப்போது இருக்கும் வீட்டு விலாசம் தெரியாததால், பத்திரிகையில் பார்த்த சங்கத்து விலாசத்துக்குக் கணேசமூர்த்தி எழுதினார்.

“தெனம் கேப்பான், கடுதாசி வந்துச்சா, வந்துச்சான்னு. அப்புறம் கேக்கறத வுட்டுட்டான். அவன் ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே நான் வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டேன், அதுக்கப்புறம் சேதி தெரியாது.”

கமலவேணி பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். அந்தக் கடிதம் கிடைத்தது. அவள் கையால் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. “நானே போட்டேனே, என் கையாலயே போட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொன்னுதுரை தரையில் உட்கார்ந்து, மற்ற கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரிக்குத் தந்தி போனது. பதில் வரும்வரை அவள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடினாள். வந்த பதிலைப் பொன்னுதுரைதான் படித்துச் சொன்னார். வேலாயுதம் குணமாகிப் போய்விட்டான். உறவு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்கே போனான் என்று அவர்களுக்குத் தெரியாது.

உறவு யாரும் இல்லை. அவள் இருக்கிறாள். அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

“எல்லையத் தாண்டி இந்தப் பக்கமும் வந்திருக்கலாம்மா. கங்கார், அலோர் ஸ்டார், பினாங்கு, எல்லா ஊருச் சங்கத்துக்கும் எழுதிப் பாப்போம்” என்றார் பொன்னுதுரை.

எழுத உட்கார்ந்தவளுக்குப் பேனா ஓடவில்லை. அந்தச் சங்கங்களிலும் இப்படி ஒரு மேசை இருக்கும். சயாம் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கை ஒன்றும் இருக்கும். அந்தச் சொல் இல்லாமல் எழுதிவிட முயன்றாள். ‘வடக்கே போனவர்’ என்று எழுதி அடித்தாள். ‘ரயில் வேலைக்குப் போனவர்’ என்று எழுதி அதையும் அடித்தாள். எங்கே போனவன் என்று சொல்லாமல் ஒருவனை எப்படித் தேடச் சொல்வது?

புதிய தாளை எடுத்தாள். ‘என் கணவர் வேலாயுதம் சயாமுக்குப் போனவர். ஐயா, அம்மா, யாராக இருந்தாலும் தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுவதும் படியுங்கள்’ என்று முதல் வரிகளை எழுதினாள்.