சலோமி தாண்டாத இடம்

இல்லை, அவள் மக்கு இல்லை. மக்கு என்று எழுதியது நான்.

இன்று சாயங்காலம் பாளையங்கோட்டைச் சந்தையில், தன் அம்மாவின் வாழைப்பழக் கடையில் சலோமி உட்கார்ந்திருந்தாள். என் வகுப்பில் எப்போதும் கடைசியில் நிற்பவள்.

கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். "ஏளா, பதிமூணு சீப்பு, சீப்புக்குப் பதினாலு பழம். எத்தன வருது?"

"நூத்தி எம்பத்திரெண்டு அண்ணாச்சி."

"அடேயப்பா, நாக்குலயா எழுதி வச்சிருக்க!"

"வகுப்பில் ஏன் இப்படிச் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா எனக்கு முன்னால நிக்க ராகேலத் தாண்டி நிக்கணும்லா டீச்சரம்மா. அவ ஒரு எடம் எறங்குனா அவங்க அய்யா அடிப்பாவ."

எங்கள் வகுப்பில் வாய்க்கணக்கு வரிசையில் நின்றுதான். சரியாகச் சொன்னவள் தவறியவளைத் தாண்டி முன்னே போவாள். போட்டி ஊக்கம் தரும் என்று படித்திருந்தேன். நம்பினேன்.

பரீட்சைப் பட்டியலில் மக்கு என்று எழுதி, சலோமியின் பெயரை அடித்து நீக்கியதும் நான்தான். பட்டியலில் இல்லாத பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

"அடுத்த வாரத்துல இருந்து நான் இங்கனதான்" என்று சொல்லிக்கொண்டே, எனக்கு நல்ல பழமாகப் பார்த்து எடுத்தாள்.

ஆசிரியத் தோழியரே, இந்தக் கடிதம் கைமாறிச் சுற்றி உங்களிடம் வரும்போது, நீங்கள் யாரை மக்கு என்று எழுதினீர்கள் என்பதை ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். எனக்குத் துணை வேண்டும்.

சந்தையிலிருந்து நேரே பள்ளிக்குத் திரும்பினேன். பட்டியல் காலைத் தபாலிலேயே பள்ளி இன்ஸ்பெக்டருக்குப் போயிருந்தது. பெயர் அனுப்பும் கெடுவும் இன்றோடு முடிந்தது. இருந்தும் அவள் பெயரைத் தனித்தாளில் எழுதி, இன்ஸ்பெக்டருக்கு முகவரியிட்டு, தபால் பெட்டியில் போட்டேன்.