காப்புக் கட்டிய மணிக்கட்டு

திங்கட்கிழமை என்றாலே எனக்கு அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை திடலில் ஹாக்கி ஆடிவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் மருந்தகத்துக்கு வீங்கிய கையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டு: "சுளுக்குதான் ஐயா, கொஞ்சம் தைலம் போட்டு உருவி விடுங்க." நான் அங்கே டிரஸ்ஸர். கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, திட்டுவது எல்லாம் என் வேலை. சுளுக்கை உருவலாம், முறிந்த எலும்பை உருவலாமா? சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேய்ந்துவிட்டது.

ஒரு கோல்கீப்பரும் அப்படித்தான் வந்தார். ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். அடுத்து டிரைவர் ஆகவேண்டியவர். பந்தைத் தடுக்கப் பாய்ந்து, வலக்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். வீக்கம் பெரிதாக இல்லை. கட்டைவிரலை விறைப்பாக நீட்டச் சொன்னேன். அதன் அடியில் ஒரு குழி விழும். பொடி போடுகிறவர்கள் பொடி வைத்து உறிஞ்சும் இடம். அங்கே அழுத்தியதும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சுளுக்கு இல்ல தம்பி. உள்ளே சின்ன எலும்பு ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த எலும்பின் குணம் அது, முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும். டாக்டருக்கும் அது தெரியும். மாவுக்கட்டுப் போடச் சொல்லி என்னிடமே திருப்பி அனுப்பினார். நான் கத்திரிக்கோலை எடுத்ததும் கோல்கீப்பர் கையை இழுத்துக்கொண்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியிருந்தார்.

"இத அறுக்கக் கூடாதுங்க ஐயா. பத்துமலையில காவடி இறக்கினப்புறம்தான்."

"அதுவரைக்கும் இந்தக் கை அசைஞ்சா எலும்பு ஒட்டாது. அப்புறம் கரி அள்ளுறது யாரு, உங்க முருகனா?"

நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன்; அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. முன்னே பிறந்த பிள்ளைகளை எல்லாம் புதைத்த வீடு என்றார். கடைசியாகப் பிறந்த பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, பால் குடிப்பதும் நின்றபோது, காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். குழந்தை பிழைத்துவிட்டது.

"உங்க பிள்ளையா இருந்தா அறுப்பீங்களா?"

எனக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. கத்திரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டேன்.

கயிற்றின் மேலேயே மாவுக்கட்டுப் போடலாமென்றால், விரதக்காரர் காலையும் மாலையும் தலைமுழுக வேண்டும். காவடி எடுக்கும் அன்று ஆற்றில் இறங்க வேண்டும். கட்டு ஊறிப் போய்விடும். கடைசியில் மூங்கில் தப்பை வைத்து, கயிறு அழுந்தாமல் துணி சுற்றிக் கட்டினேன். குளிக்கும்போது மட்டும் கழற்றச் சொன்னேன். காவடி இறக்கிய மறுநாளே இங்கே வந்துவிட வேண்டும் என்று கூட வந்திருந்த அவர் மனைவியிடமும் சொன்னேன்.

வரவில்லை. வலி விட்டுப்போயிருந்தது. இந்த முறிவின் துரோகமே அதுதான். எலும்பு ஒட்டாமலே வலி தணியும். நான் வீடு தேடிப் போனபோது, "முருகன் தீர்த்து வெச்சிட்டான் ஐயா" என்று கையை ஆட்டிக் காட்டினார். அழுத்திப் பார்க்க விடவில்லை. மறுபடியும் கரி அள்ளப் போனார், கோலிலும் நின்றார். நான் என்ன செய்ய? ஆடா மாடா, பிடித்துக் கட்டிப்போட?

அந்த வருட மழைக்காலத்துக்குள் கை போய்விட்டது. கரி மண்வெட்டி பிடியிலிருந்து நழுவியது. புதுப் படத்தில் எலும்பு இரண்டு துண்டாகத் தெரிந்தது. இனி மாவுக்கட்டால் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெட்டில் இன்ஜின் துடைக்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். டிரைவர் ஆகும் பேச்சு அதோடு முடிந்தது. 'அன்றைக்கே சொன்னேனா இல்லையா' என்று கேட்க எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. அலுத்துப்போயிருந்தது, கேட்கவில்லை.

ஒன்றிரண்டு வருடம் கழித்து, மற்றொரு திங்கட்கிழமை, காய்ச்சலில் பிழைத்த அந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்திருந்தாள். அயோடின் புட்டியைக் கண்டதும் அழுகை.

"அப்பா கையப் பிடிச்சுக்கம்மா" என்றார்.

இடக்கை அவளைத் தாங்கியிருந்தது. நீட்டியது வலக்கை. அவள் தன் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்து, இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்து முறுக்கினாள். அவர் முகம் வெளுத்தது, நெற்றியில் வேர்த்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் மருந்தை அவசரமாகத் தடவி முடித்தேன்.