சித்தப்பாவின் மிருதங்கத்தைக் காய்ச்சிய காலை

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான் பெற்றது நான்கு, ஒன்று என் தங்கச்சி விட்டுப்போனது. ஐந்தும் நன்றாக இருக்கின்றன; அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ராகலையில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அந்த வகுப்புவரை போன முதல் ஆள் அவர்தான். அதுவும் என்ன பாடம்? சங்கீதம். மிருதங்கம் எடுத்திருந்தார். பஸ்ஸுக்கு நடக்கும்போதும் அவர் விரல்கள் புத்தக அட்டையில் தாளம் போட்டுக்கொண்டே போகும். நான் பின்னாலேயே ஓடுவேன். அப்படி ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

லயத்தின் ஒவ்வொரு அறையையும் காம்பரா என்போம். பக்கத்துக் காம்பராவில் ஒரு மாமா. திருவிழாவுக்குத் தப்பு அடிப்பவர். சித்தப்பாவைக் கண்டாலே அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்டா மாப்ள, தோல அடிக்கிறதுக்குப் பள்ளிக்கூடம் வேற போகணுமா?"

"தப்புக்கும் ஒரு வகுப்பு வைக்கட்டும் மாமா. நீங்கதான் வாத்தியாரு, நான்தான் மொத ஆளா வந்து ஒக்காருவேன்."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். அம்மாவின் வருத்தம் வேறு. மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு ரவையைப் பிசைந்து அப்பினால்தான் அந்தக் கனத்த சத்தம் வரும். "பிள்ளைக்குக் கிண்ட ரவை இல்ல, தம்பி மேளத்துக்கு ஊட்டுது" என்பாள். சொல்லிக்கொண்டே டப்பாவை எடுத்தும் கொடுப்பாள்.

தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே தடவதான். தேறலேன்னா பேரப் பதிஞ்சு பெரட்டுக்கு வந்துரணும்" என்று சொல்லிவிட்டார். பெரட்டு என்றால், விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற இடம். சித்தப்பா தலையை ஆட்டினார். தாத்தாவின் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது.

மிருதங்கம் வாசித்துக்காட்டும் பரீட்சைக்கு முன்னால் நான்கு நாள் விடாத மழை. பனிமூட்டம் காம்பராவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா கல்லால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"தோலு நமுத்துப்போச்சு அண்ணி. சுருதி ஏறவே மாட்டேங்குது."

இது என் காதில் விழுந்தது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாசியில் காமன் கூத்துக்கு முன்னால் மாமாவும் அவர் கூட்டாளிகளும் மானாப்புல்லைக் கொளுத்தித் தப்பைத் தீயில் காய்ச்சுவார்கள். அப்புறம் அடித்தால் அடுத்த மலையில் கேட்கும். இவ்வளவு படித்த சித்தப்பாவுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கே ஆச்சரியம்.

பரீட்சை அன்று காலை சித்தப்பா மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனார். அம்மா விறகு எடுக்கப் போனாள். நான் மிருதங்கத்தை அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், அதன் கறுப்பு வட்டம் தீயைப் பார்க்கிற மாதிரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கை சுடும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"சித்தப்பா, காய்ச்சிட்டேன்!"

ஈரத் தலையோடு வந்தவர் ஒரு விரலால் தட்டினார். கணீரென்று ஒரு சத்தம். அடுத்த தட்டில் கறுப்பு வட்டம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. விளிம்பில் தோலும் வெடித்திருந்தது. விறகோடு வந்த அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க அண்ணி. புள்ள நல்லாத்தான் காய்ச்சியிருக்கு."

உள்ளேயிருந்து தாத்தா என்ன சத்தம் என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, நான்தான் அடுப்போரம் வச்சேன். கொஞ்சம் சூடேறிப்போச்சு" என்றார் சித்தப்பா. மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் வாசலில் நின்று கையாட்டினேன். என் மனசு பூரித்துப்போயிருந்தது.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. மறுநாள் காலையில் சித்தப்பா கால்சட்டையை மடித்துவிட்டு, அப்பாவோடு பெரட்டுக்குப் புறப்பட்டார். எனக்கு அன்று தெரிந்த கணக்கு ஒன்றுதான்: படிப்பு முடிந்தால் வேலை கிடைக்கும். சித்தப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! லயம் முழுக்க ஓடினேன்.

"எங்க சித்தப்பா பாஸு! நான் காய்ச்சிக் குடுத்த மேளம்!"

மாமாகூட ஒரு கேலியும் செய்யாமல் வெற்றிலைப் பையை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா திரும்பி வந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஆமாடி தங்கம். ஒன்னாலதான் கெடச்சிச்சு" என்றார். குரலில் ஒரு பொட்டுக் கசப்பும் இல்லை. அந்தத் தோளில் உட்கார்ந்து பெரட்டுவரைக்கும் போனேன். ராணி மாதிரி.

ஒரு வருஷம் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். காய்த்துப்போன அந்தக் கையாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் பழகி, மறுபடி பரீட்சைக்குப் போய்த் தேறினார். வாத்தியாராகி எத்தனையோ பிள்ளைகளை மேடை ஏற்றினார். என் மூத்தவள் உயர்தரம் எழுதி முடிவுக்குக் காத்திருந்தபோதுதான், பழைய கதையை அம்மாவிடம் கேட்டேன். அன்று அவர் இன்னொரு பையனின் மிருதங்கத்தை இரவல் வாங்கி, கை பழகாமல் தடுமாறினாராம். மற்றப் பாடமெல்லாம் தேறி, சங்கீதத்தில் மட்டும் தவறினாராம். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

தாயி, இங்கே வா. பாட்டி எழுதினதை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டு. நான் சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எங்கேயாவது சாக்குச் சொல்லியிருந்தால் அதைக் கோடு போட்டு அடித்துவிடு. எனக்காக அவர் சொன்ன சாக்கே போதும்.