முட்டிக்கு ஆகாத ஊர்

சுற்றுலாப் பயணிகள் என்றால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் இளக்காரம்தான். மைசூரில் குடியிருக்கிறவர்களுக்கு அது தானாகவே வந்துவிடும். பேருந்தில் வந்து இறங்குவார்கள், அரண்மனைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், மைசூர்பாகு வாங்குவார்கள், இருட்டுவதற்குள் ஊட்டிக்கு வண்டியேறிவிடுவார்கள். வீட்டுக்குப் போய், மைசூரைப் பார்த்தாயிற்று என்பார்கள். தேவராஜ மொஹல்லாவில் ஒரு கவுளி வெற்றிலைக்குக்கூடப் பேரம் பேசியிருக்க மாட்டார்கள். அப்புறம் எதைப் பார்த்தார்களாம்?

இப்படியெல்லாம் பேசித் திரிந்த நானே ஒரு நாள் கழுத்தில் அட்டை தொங்க, சோங்சிங் என்ற சீன நகரத்தில், ஒரு சுற்றுலாப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் ஊர் பார்க்கப் போனவள் இல்லை. என் மகனைக் கூட்டிக்கொண்டு வரப் போனவள்.

அவன் அங்கே யோகா சொல்லிக்கொடுக்கிறான். யோகா படிக்க எந்தெந்த நாட்டிலிருந்தோ மைசூருக்கு வருகிறார்கள். பாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் தெருமுனையில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். என் மகன் மட்டும் இங்கே கற்றதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினான். இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் போனான். பிறகு நோய்க் காலம் வந்து வழியெல்லாம் அடைபட்டது. வழி திறந்த பிறகும் அவன் வரவில்லை. அவன் அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நான் ஒருத்திதான். அவன் வந்தால் வகுப்பு நடத்தட்டும் என்று மாடியில் மரத்தரை போட்டு ஒரு ஹால் வேறு கட்டி வைத்திருந்தேன். நாற்காலிகூடப் போடாமல் அது சும்மா கிடந்தது.

வந்துடு கண்ணு, போதும். இதுதான் நான் சொல்ல வேண்டியது. போனில் இந்தப் பேச்சுக்கு அருகே வந்தாலே அவனுக்குச் சிக்னல் சரியில்லாமல் போய்விடும். நேரில் சொன்னால் எந்தச் சிக்னலைக் குறை சொல்வான் என்று பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

அவன் என்னைத் தன்னுடன் வைத்துக்கொள்ளவில்லை. மேட்டுச் சாலையில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற ஓர் ஓட்டலில் அறை போட்டிருந்தான். தன் ரூம் ரொம்ப தூரம், மெட்ரோவில் போக வேண்டும் என்றான். பகலெல்லாம் அவனுக்கு வகுப்பு. காலையில் வந்து என்னைப் பார்ப்பான், சாயங்காலம் திரும்ப வருவான். நடுவில் நான் சலித்துப் போகக்கூடாது என்றுதான் அந்தப் பேருந்துச் சீட்டு. அடுக்குமாடி வீட்டின் வயிற்றுக்குள் புகுந்து ரயில் வெளியே வரும் இடத்தில் எல்லோரையும் இறக்கினார்கள். எல்லோரும் அண்ணாந்து படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எடுத்த பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் பேருந்துக்கு வரமாட்டேன், நடந்து போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் முட்டியை ஒரு பார்வை பார்த்தான். முட்டி என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே புடவைக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தான்.

நடக்க வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. காலையில் அவன் வரும்போது தலைமுடி ஈரமாக இருந்தது. ரொம்ப தூரத்திலிருந்து மெட்ரோவில் வருகிறவன் தலை எப்படி ஈரமாக இருக்கும்? தபால் அலுவலகக் கவுன்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள் நான். ஊரில் யார் யாருடைய முகவரியோ மனப்பாடம், பெற்ற பிள்ளையின் முகவரி மட்டும் தெரியாது. பார்சல் அனுப்பக் கேட்டால் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் முகவரியைத்தான் கொடுப்பான். ஏதோ மறைக்கிறான். ஒழுகுகிற கூரையில், பத்துப் பேரோடு படுத்திருக்கிறானோ என்றெல்லாம் நினைத்தேன். அப்படி இருந்தால் நான் சொல்ல வந்ததைச் சொல்வது சுலபம் என்றும் நினைத்தேன்.

தெரியாத ஊரில் தொலைந்து போகாமல் இருக்க என்னிடம் ஒரு வழி உண்டு. கோயிலில் பிரதட்சிணம் வருவதுபோல வலக்கைப் பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கொள்ளேகாலிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் மைசூரை இப்படித்தான் பழகினேன். அரண்மனையைச் சுற்றிய தெருக்களில் அது ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. இதையே சோங்சிங்கிலும் செய்தேன்.

முதல் சில நாட்கள் மேட்டுச் சாலைக்குள்ளேயே சுற்றினேன். ஓட்டல் வரிசை முடிந்த உடனேயே ஊர் வேறு முகம் காட்டியது. சந்துக்குள் மேஜை போட்டு வயதானவர்கள் காய் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கல் சுவரைப் பிளந்துகொண்டு, ஆலமரத்துக்குத் தங்கை போன்ற மரங்கள் விழுது விட்டு நின்றன. எங்கே பார்த்தாலும் மிளகாய் வதக்கும் நெடி. தும்மிக்கொண்டே நடந்தேன். தண்ணீர் என்று சைகை காட்டினால் எல்லாக் கடையிலும் வெந்நீர் கொடுத்தார்கள். நான் வீட்டிலும் வெந்நீர்தான் குடிப்பேன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று வேடிக்கையாக இருந்தது. யாரும் என்னிடம் எதையும் விற்க வரவில்லை. அதுவே ஒரு சுகம்.

பிறகு ஒரு நாள் வலக்கைப் பக்கம் ஒரு படிக்கட்டு இறங்கியது. வலம் என்றால் வலம்தானே என்று இறங்கினேன். அது திரும்பியது, நானும் திரும்பினேன். மறுபடி படி. மறுபடி வலம். முட்டி முனக ஆரம்பித்த நேரத்தில், கணக்குப்படி நான் ஓட்டல் வாசலில் நின்றிருக்க வேண்டும். ஓட்டல் இருந்தது. என் தலைக்கு மேலே, பாறைக்கும் மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்தால் பெயர்ப்பலகை தெரியும் உயரத்தில் இருந்தது. புறப்பட்ட இடத்துக்கே சரியாக வந்திருந்தேன், பல மாடி கீழே. பிரதட்சிணம் கண்டுபிடித்தவர்கள் சமதரைக்காரர்கள் போலிருக்கிறது.

அங்கே ஒரு குறுகிய சந்து, பழைய வீடுகள், கீழே தூரத்தில் ஆறு. ஒரு காய்கறிக் கடை முன்னால் மூன்று பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து பெரிய பெரிய பச்சை அவரை விதைகளைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். புடவையைப் பார்த்ததும் அவர்கள் கை நின்றது. கடைக்காரப் பெண் எழுந்து வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். என் மூக்கைக் காட்டினாள். சந்தின் கடைசியில் இருந்த ஒரு கதவைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி, கட்டைவிரல் நெஞ்சில் படத் தலையைக் குனிந்தாள். அந்தக் கும்பிடு யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? அவனுக்கு இந்த மூக்கைக் கொடுத்தவளும் அப்படிக் கும்பிடக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான்.

கதவு பூட்டியிருந்தது. திரும்பிப் போக அவர்கள் விடவில்லை. ஒரு முக்காலியைத் தட்டித் துடைத்துப் போட்டு, வெந்நீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். கை சும்மா இருக்குமா? நானும் கூடையில் கை விட்டேன். மார்கழி வந்தால் மைசூரில் வீட்டுக்கு வீடு ஊறவைத்த அவரை விதையைப் பிதுக்கிக்கொண்டுதான் இருப்போம். அந்தப் பிதுக்கு பருப்புக் குழம்புக்கு ஊரே அடிமை. அதே மாதிரி, நகத்தால் நுனியைக் கிள்ளிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. பருப்பு துள்ளிக்கொண்டு தட்டில் விழுந்தது. நகத்தால் கீறி உரித்துக்கொண்டிருந்த அவர்கள் மூவரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு நாலு பேரும் பிதுக்கினோம்.

மதியச் சாப்பாட்டுக்கு அவன் படியிறங்கி வந்தான். கையில் பூண்டுத் தண்டு ஒரு கட்டு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இங்க எப்படிம்மா வந்தே?"

"பிரதட்சிணமா வந்தேன். ரொம்ப தூரம்னு சொன்னியே கண்ணு?"

"படின்னு சொன்னா வந்திருப்பே. தூரம்னு சொன்னா விட்டுடுவேன்னு நெனச்சேன். உன் முட்டிக்கு இந்தப் படி ஆகாதும்மா."

அவ்வளவுதான் அவன் மறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரப் பெண் அவனைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. பெற்றவளை மேலே ஓட்டலில் அடைத்து வைத்திருக்கிறாயே என்று வறுத்தெடுத்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். மூன்று பேரும் சிரித்தார்கள். அவனும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

என்னிடம் அவன் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிவிட்டது. போனில் எனக்குக் கிடைப்பதெல்லாம், சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டதில், மைசூரிலிருந்து சுமந்து வந்த அந்த வாக்கியம் அன்று வெளியே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அவன் அறை என் மாடி ஹாலில் பாதிகூட இல்லை. ஒழுகவில்லை. ஜன்னலில் என் பழைய நூல் புடவை திரைச்சீலையாகத் தொங்கியது. அந்த ஜன்னலுக்கு வெளியே ஆறு. அவன் செய்த ரசத்தைக் குடித்துவிட்டு அன்றே பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னேன். ஓட்டல்காரர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மிச்சமிருந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் இருவரும் நடந்தோம். அவன் ஒரு படி முன்னால், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. சத்திரம் போல நீளமான ஒரு தேநீர்க் கடை, பெண்கள் கூட்டமாக ஆடும் சதுக்கம், மூங்கில் கழியில் சாமான் தூக்கிப் படியேறுகிறவர்கள், பனிக்குள் விளக்கு எரியும் பாலங்கள். எதற்கும் சீட்டு வாங்கவில்லை. கடைசிச் சாயங்காலம், ஆற்றைப் பார்த்த ஒரு படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்.

"பக்கத்து ரூம் காலியாகுதும்மா. கேட்டு வச்சிருக்கேன். வந்து சில மாசம் இரேன். முட்டி ஒத்துழைச்சா."

கூப்பிடப் போனவளை அவன் கூப்பிட்டுவிட்டான். கவுன்டரில் உட்கார்ந்து பழகியவளுக்கு யார் எதைக் கேட்டாலும் வாயில் தயாராக ஒரு பதில் இருக்கும். பார்க்கலாம் என்றேன்.

இப்போது ஊர் திரும்பிய பிறகு நினைக்க நினைக்க ஆறவில்லை. மைசூரில் எல்லாம் நேராக இருக்கிறது. தெரு நேராக இருக்கிறது, வலக்கைப் பக்கமாகத் திரும்பினால் புறப்பட்ட இடம் வந்துவிடுகிறது. மார்க்கெட்டில் அவரைக்காய் குவிந்த அன்று வாங்கி வந்து தனியாக உட்கார்ந்து பிதுக்கினேன். பாதியில் வைத்துவிட்டு அழுதேன். எந்த ஊருக்கு ஏங்கி அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது? பார்த்ததே கொஞ்ச நாள். பாஷை தெரியாது. ஆனாலும் அந்தச் சந்தில், அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்டு, அவன்தானா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

மாடி ஹால் வீண்போகவில்லை. வாரம் மூன்று நாள் அதில் வகுப்பு நடக்கிறது. அவன் போனில் சொல்லச் சொல்ல, பாய் விரித்து முட்டிக்கான பயிற்சிகளைச் செய்கிறேன். மாணவி நான் ஒருத்திதான். ஏன் இவ்வளவு அக்கறை என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னதாக ஒரு பொய்.

வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலைக்குப் படியேறுகிறேன். முதலில் நந்திக்குப் பாதி வழியிலேயே திரும்பிவிடுவேன். பிறகு நந்தி வரை. இப்போது மேலே வரை போக முடிகிறது. இறங்கும்போதுதான் முட்டி கணக்குத் தீர்க்கிறது. பக்கத்துத் தெருவில் கொள்ளேகால்காரி ஒருத்தி இருக்கிறாள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுவது அவள் வேண்டுதல். போன வாரம் நந்திக்கு மேலே நான் மூச்சு வாங்கி நின்றபோது என்னோடு சேர்ந்துகொண்டாள்.

"ஏனுங்கக்கா, வாராவாரம் ஏர்றீங்க. பையன் திரும்பி வரோணும்னு வேண்டுதலுங்களா?"

யார் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவது என் வழக்கம். எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான். அன்று என்னவோ ஆட்ட முடியவில்லை.

"இல்லம்மா. அவங்கிட்ட நான் போகோணும்னு."

அவள் குங்குமக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். அடுத்த படியில் குனிந்து ஒரு பொட்டு வைத்தேன். முட்டி கத்தியது. கத்தட்டும் என்று அதற்கடுத்த படிக்கும் குனிந்தேன்.