காணிப்பாக்கத்தில் முழுகியவர்

நடக்காமல் போன குற்றத்துக்கு அத்தாட்சி கேட்பது எங்கள் தொழில். சிறையிலிருந்து வெளிவருகிறவர்கள் மறுபடி ஆயுதக் குழுக்களிடம் போகாமல் தடுக்கும் திட்டங்களுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையில், சித்தூர் மாவட்டம் என் பொறுப்பு. நிதி கொடுத்தோ வாங்கியோ அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சொல்லப்போகும் கதையில் ஒரு பகுதியைப் பல வருடங்களாக நானே முழுதாக நம்பவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வராத ரயில்

பாகாலாவில் எங்கள் நிதியில் நடந்த ஒரு வெல்டிங் பயிற்சிக் கூடம். நடத்தியவர் எல்லப்பன், ஓய்வுபெற்ற சிறைக்காவலர். வாயில் எப்போதும் பீடி. இதுவரை எத்தனை பேரைத் தடுத்தார் என்று கேட்டு வரச் சொன்னது தலைமை அலுவலகம். கேட்டேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினார்.

“வந்த ரயில எண்ணலாம் சார். வராத ரயில எப்டி எண்ணிக்கினு நிக்கறது?”

திறக்காத கேட்

அங்கே படித்த முனிரத்தினம், ஆயுதக் குழுவுக்கு அரிசி சுமந்து சிறைக்குப் போனவன். வேலையில் கெட்டிக்காரன். சூளூர்பேட்டைப் பக்கம் புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம், வெல்டருக்கு அலைந்தார்கள். இவனை மட்டும் எடுக்கவில்லை. பழைய கூட்டாளிகளோ வீடு தேடி வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் போய்விடுவான் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் நானே போய்க் கெஞ்சினேன்.

“வேல பிரமாதம் சார். நாளைக்கு போலீஸ் வந்து நின்னா பதில் சொல்றது நீங்களா, நானா?”

ஈரத்துணி

காணிப்பாக்கம் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் எதிரே சத்தியம் செய்துவிட்டால் இந்தப் பக்கத்தில் மேற்கொண்டு பேச்சில்லை. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே வாயைத் திறக்க மாட்டான். அடுத்த வாரமே எல்லப்பன் கான்ட்ராக்டரிடம் போய், முனிரத்தினம் திரும்பிப் போக மாட்டான் என்று அங்கே சத்தியம் செய்தாகிவிட்டது என்றார். கான்ட்ராக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சாமியே ஜாமீன் நின்னப்புறம் நான் யாருங்க? நாளைக்கே வரச் சொல்லுங்க.”

பீடிக்கட்டு

முனிரத்தினம் திரும்பிப் போகவில்லை. சூளூர்பேட்டையில் வேலை பார்த்து, பிறகு குவைத் போய், ஊரில் வீடும் கட்டிவிட்டான். திட்டம் பலித்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை அரித்தது அந்தச் சத்தியம்தான். சாமியே கிடையாது என்று அந்தக் குழுவில் கற்றுக்கொண்டவன் அவன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவான். அவனா முழுகியிருப்பான்?

போன மாதம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எல்லப்பனைப் பார்த்தேன். பழைய ஞாபகத்தில் ஒரு கட்டு பீடி வாங்கி நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வாணாம் சார். அந்த வருசமே காணிப்பாக்கத்துல உட்டுட்டேன். சாமிகிட்ட சும்மா போய்க் கேட்டா ஆவுமா? நம்ம பக்கத்துலயும் ஏதாச்சும் ஒண்ண உடணும் இல்ல?”

எல்லாரிடமும் எத்தனையோ கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய நான், கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்: “எல்லப்பண்ணே, அன்னிக்குக் குளத்துல முழுகினது அவனா, நீங்களா?”