முனி சாமியா, பூதமா?

மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் ‘இஸ்தோப்பு’த் திண்ணையில் உட்கார்ந்தால், ஈர விறகின் புகையும், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்ட ‘படங்குச்’ சாக்கின் வாடையும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும். இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஆடி மழை விடாது பிடித்துக்கொண்ட ஒரு பள்ளி விடுமுறையில், கொழும்புக் கடை வேலையை விட்டுத் திரும்பியிருந்த பக்கத்து வீட்டு தினேஷ் அண்ணன், அங்கே கூட்டாளிகளிடம் கற்ற ஒரு விளையாட்டை எனக்கும் தன் தங்கை யோகாவுக்கும் இந்த இஸ்தோப்பில்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் கதை சொல்லிக்கொண்டு போவார். கதையில் வீரர்களாகிய நாங்கள், எதிர்ப்படும் பூதத்தை என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்டுவோம். விழும் எண் வெற்றி தோல்வியைச் சொல்லும்.

அந்நிய தேசத்துப் பூதங்கள் எங்களுக்குப் பிடிபடாததால், மலை உச்சி மரத்தடியில் நாங்கள் கும்பிடும் முனியை அவர் ஒருநாள் பூதக் கூட்டத்தில் சேர்த்தார். யோகா பாய்ந்தாள்.

“முனி சாமிண்ணே. பூதத்தோட சேக்காதீங்க.”

“ஆள அடிச்சு ரத்தம் கக்க வைக்கும்னு சொல்றாங்களே, அது சாமி செய்ற வேலையா?”

“தப்பு செஞ்சவங்களத்தான் அடிக்கும். மலையில வேல செய்றவங்கள காக்கும்.”

பொழுது சாயும்வரை வாதாடி, கடைசியில் அண்ணன்தான் இறங்கிவந்தார். “சரி, சாமியாவே இருக்கட்டும். ஆனா ஒருக்கா குணம் சொல்லிட்டா நடுவுல மாத்தக் கூடாது. காக்குற சாமின்னா, அந்த மரத்தடியில யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“சாமிய வச்சு வெளையாடாதீங்க,” என்று அடுப்படியிலிருந்து என் அம்மா அதட்டினார்.

அந்த வாரமே, அதே மரத்தடியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அண்ணன், யோகா இருவரின் அம்மாவைக் குளவிகள் மொய்த்துக் கொட்டின. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. இழவு வீட்டில், யோகாவின் காதில் விழும்படியே, அவள் சாமியை வைத்து விளையாடிய ‘சாமி குத்தம்’ என்றார்கள் பெரியவர்கள்.

தினேஷ் அண்ணன் எழுந்து நின்று கத்தினார். “எங்கம்மாவ கொன்னது குளவிங்க. என் தங்கச்சி இல்ல!”

யோகாவோ பெரியவர்களைத்தான் நம்பினாள். காரியம் முடிந்த மறுநாள் காலை, அண்ணன் கதை எழுதி வைத்திருந்த தாள்களையும் தாயக்கட்டையையும் அவளே அள்ளி அடுப்பில் போட்டாள்.

“நான் சண்ட போடாம இருந்திருந்தா, அது பூதமாவே இருந்திருக்கும்ண்ணே. பூதத்துக்கிட்ட யாரும் காவல் கேக்க மாட்டாங்க. சாமிக்கிட்ட வெளையாட்டா காவல் கேட்டது நான்தான்.”

அண்ணன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இன்று அவர் வளைகுடாவில் இருக்கிறார். எங்கள் லயத்தில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. மிஞ்சிய பிள்ளைகள் ஆளுக்கொரு கைபேசியுடன் மூலைக்கொருவராக இருக்கிறார்கள். சாமியின் குணத்துக்காகச் சண்டை பிடிக்க அங்கே யாருமில்லை. உடப்புசல்லாவையில் வாழ்க்கைப்பட்ட யோகாவைப் போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பிள்ளைகளைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்த மழைக்கால விளையாட்டைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தேன்.

“பஸ் வந்திருச்சு, வர்றேன்,” என்று பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பஸ் எதுவும் வந்திருக்கவில்லை.